எங்க வீட்டுக் குப்பை அன்னூர் பக்கம் ஒரு இட்டேரில கெடந்துச்சு. தப்பு என்னுதா?

சோளத்தட்டு
செவ்வாய், காலை 7.50

வணக்கம்ங்க. ரொம்ப நாளா இங்க படிக்கறதோட சரி, எழுதுனதில்ல. மூணு நாளா மனசு ஒரு மாதிரி கெடக்குது அதான் எழுதறேன், நீளமா போனா பொறுத்துக்கங்க.

சனிக்கெழம மத்தியானம் தெரியாத நம்பர்ல இருந்து போன். வயசான கொரல். "ஏனுங் அம்மணி, உங்க பேரு இன்னாருங்களா"ன்னு என் முழுப்பேரையும் ஃபிளாட் நம்பரையும் சொல்லி கேக்கறாரு. கொரியராட்ட இருக்குன்னு ஆமாங்கன்னேன். "உங்க சாமான் கொஞ்சம் எங்க இட்டேரில கெடக்குதுங்க, வந்து எடுத்துட்டு போறீங்களா"ன்னாரு. எனக்கு பார்சல் எதும் வர வேண்டியது இல்லீங்களேன்னேன். "பார்சல் இல்லீங் அம்மணி, குப்பை"ங்கறாரு.

அன்னூர் பக்கம் தோட்டமாம், இட்டேரின்னா தோட்டங்களுக்கு நடுவுல ரெண்டு வேலிக்கும் இடையில போற தடம். ராத்திரி யாரோ டெம்போல வந்து இட்டேரில ஒரு லோடு கொட்டிட்டு போயிட்டாங்க. காலைல மாட்டை ஓட்டிட்டு வந்தவரு குச்சி வெச்சு கிண்டி பாத்திருக்காரு, நான் ஆன்லைன்ல செருப்பு வாங்குன கவரு கெடச்சிருக்கு, அதுல பேரு அட்ரஸ் போன் நம்பர் எல்லாம் அச்சடிச்சு பத்தரமா இருக்குது. அவரு கண்டமேனிக்கு திட்டியிருந்தா நானும் பதிலுக்கு ரெண்டு பேசிட்டு மறந்திருப்பேன். என்னமோ நான் தொலைச்ச பொருளை கண்டுபிடிச்சு குடுக்கற மாதிரி மரியாதையா கூப்பிட்டாரு, அதுதான் தாங்க முடியல.

நான் இருக்கறது சரவணம்பட்டில அப்பார்ட்மெண்ட். மாசாமாசம் மெயின்டனன்ஸ் கட்றேன், மக்கறது ஒரு கூடை மக்காதது ஒரு கூடைன்னு பிரிச்சுத்தான் வெக்கறேன். செகரட்டரிகிட்ட கேட்டா கான்ட்ராக்ட் விட்டாச்சுங்க, எடுத்துட்டு போய் என்ன பண்றான்ங்கறது அவன் பாடுன்னுட்டாரு. கொட்டுனது நான் இல்ல, கொட்டச் சொன்னதும் நான் இல்ல. அப்ப என் தப்பு எது? தப்பே இல்லைன்னா அந்த போன் வந்ததுல இருந்து எனக்கு ஏன் சோறு எறங்க மாட்டேங்குது?


வரிகட்டி_வாழ்வோம்
செவ்வாய், காலை 8.14

ஒரு தப்பும் இல்ல சிஸ்டர். காசு குடுக்கறோம், வேலை அவங்களது. ஹோட்டல்ல சாப்பிட்டுட்டு எலை எங்க போகுதுன்னு பாத்துட்டா இருக்கோம். அந்த நம்பரை பிளாக் பண்ணுங்க. இனிமே கவர்ல இருக்கற அட்ரஸை கிழிச்சுட்டு போடுங்க, பிரச்சனை முடிஞ்சுது.


இட்டேரிமேட்டான்
செவ்வாய், காலை 8.31

யோவ் வரிகட்டி, அட்ரஸை கிழிச்சா உனக்கு பிரச்சனை முடிஞ்சுது, எனக்கு?

நானும் அந்தப் பக்கம்தான். கெணத்துப் பாசனம், நாலு ஏக்கர், சோளமும் வாழையும். ஒரு காலத்துல எங்க இட்டேரில கிளுவை வேலி ரெண்டு பக்கமும் நிக்கும், கோவைக்காய் பிரண்டை எல்லாம் கெடைக்கும், இப்ப டயப்பரும் தெர்மாகோலும் கெடைக்குது. மழை பேஞ்சா அத்தனையும் பள்ளத்துக்கு போகுது, பள்ளம் கொளத்துக்கு போகுது. கேரி பேக்குல சோத்தைக் கட்டி வீசறாங்க, மாட்டுக்கு கையா இருக்குது முடிச்சை அவுத்துட்டு திங்க? பையோட முழுங்குது. போன வருசம் எங்க மாடு ஒண்ணு அசை போடாம வயிறு ஊதி நின்னுச்சு, டாக்டரு கீறி எடுத்ததை ஒரு சாக்குல போட்டு காட்டுனாரு. சட்டியாட்ட உருண்டு இருந்துச்சு. பையைக் கட்டுனவனுக்கு அது தெரியவே போறதில்ல.

சோளத்தட்டு, உங்களைச் சொல்லலீங்க. போனை எடுத்து பேசுனீங்களே அதுவே பெருசு. நான் இந்த மாதிரி கவரைப் பாத்து ஆறேழு பேருக்கு அடிச்சிருக்கேன், ஒருத்தரு ராங் நம்பர்னாரு, ஒரு அம்மா "என் நம்பர் எப்படி கெடச்சுது, போலீசுக்கு போவேன்"னுச்சு.


குமாஸ்தா
செவ்வாய், காலை 9.40

சட்டம் என்ன சொல்லுதுன்னு மட்டும் சொல்லிட்டு போயிர்றேன், நீதி நியாயம் நீங்க பேசிக்கங்க.

2016ல வந்த திடக்கழிவு மேலாண்மை விதில இருந்ததைச் சொல்றேன், 2026 ஏப்ரல்ல இருந்து அதுக்கு பதிலா புது விதி. 2016 விதிப்படி குப்பை உண்டாக்கறவங்கதான் மொத ஆளு, வீடு உட்பட. மக்கறது, மக்காதது, வீட்டுல வர்ற அபாயக் கழிவுன்னு மூணா பிரிச்சு குடுக்கோணும், நாப்கின் டயப்பரை தனியா சுத்தித் தரோணும், தெருவுல காலி எடத்துல நீர்நிலைல போடவோ எரிக்கவோ பொதைக்கவோ கூடாது. நாளைக்கு சராசரி 100 கிலோவுக்கு மேல குப்பை வந்தா அது பெரிய அளவு உற்பத்தி கணக்கு. 5000 சதுர மீட்டருக்கு மேல இருக்கற கேட்டட் கம்யூனிட்டிக்கு தனிக் கடமையே இருந்துச்சு, மக்கற குப்பையை முடிஞ்ச வரைக்கும் காம்பவுண்டுக்குள்ளயே உரமாவோ கேஸாவோ ஆக்கோணும், மீதியத்தான் வெளிய குடுக்கோணும்.

அதனால "கான்ட்ராக்ட் விட்டாச்சு"ங்கறது அசோசியேசனுக்கு பதில் ஆகாது. அவன் எங்க எறக்கறான், எறக்குனதுக்கு சீட்டு எங்கன்னு கேக்கற கடமை அவங்களுக்கு இருக்கு. உங்க பொதுக்குழுவுல இதை எத்தனை தடவை கேட்டிருக்கீங்கன்னு யோசிங்க.


சோளத்தட்டு
செவ்வாய், காலை 10.05

ஒரு தடவைகூட இல்லீங்க. லிப்ட், தண்ணி லாரி, கார் பார்க்கிங் இதுக்குத்தான் ஓரியாட்டம் நடக்கும். ரெண்டு கான்ட்ராக்ட்காரங்க கொட்டேசன் குடுத்தப்போ கம்மியா சொன்னவருக்கு கை தூக்குனதுல நானும் ஒருத்தி. எப்படி கம்மியா முடியுதுன்னு கேக்கல. இப்ப தெரியுது.


பழையசைக்கிள்
செவ்வாய், காலை 11.20

நமக்கு அறுபத்தி ஏழு வயசாச்சு, பெருசு பழமை பேசுதுன்னு நெனச்சாலும் சரி.

எங்க அப்பாரு காலத்துல குப்பைங்கறது சொத்து. வீட்டுக்குப் பின்னால பொடக்காளிக்கு அக்கட்டால குப்பைக்குழி. சாணி, சாம்பல், மாடு கழிச்ச தட்டு, வாசக்கூட்டுன மண்ணு எல்லாம் அதுக்குள்ள. கழுதண்ணி மாடு குடிக்கற குளுதாணிக்கு, தேங்காத்தொட்டி அடுப்புக்கு, கிழிஞ்ச வேட்டி கரித்துணியாகி அதும் இத்துப்போனா வெளக்குத்திரி. சித்தரை வைகாசில குழிய வெட்டி ஒட்டுக்கா வண்டில காட்டுக்கு அடிப்பாங்க, அதுக்குப் பேரே குப்பை அடிக்கறது. பாகம் பிரிக்கறப்போ குப்பைக்குழி யாருக்குன்னு அண்ணந்தம்பி மொகங்குடுத்து பேசாம போனதெல்லாம் உண்டு. இன்னிக்கும் எங்கூர்ல "நல்ல குப்பை கெடைக்குமா"ன்னு கேட்டா எருவைத்தான் கேக்கறாங்கன்னு அர்த்தம். அதே வார்த்தையை டவுன்ல ஒருத்தன் மேல எறிஞ்சா அடிதடி.

எங்க ஆத்தா வெளக்கு வெச்ச பொறகு கூட்டுனதை வாசலைத் தாண்டி கொட்ட விடமாட்டா, ஒரு மூலைல ஒதுக்கி சீமாறை மேல சாத்திட்டு விடிஞ்சுதான் அள்ளுவா. லச்சுமி போயிருவான்னுவா. இருட்டுல தோடு மூக்குத்தி விழுந்திருந்தா குப்பையோட போயிருமேன்னு சொன்னதாத்தான் இருக்கோணும்னு எனக்கு ஒரு ரோசனை. எப்படியோ, வீட்டை விட்டு போறதை ஒருக்கா திரும்பிப் பாக்கற பழக்கம் இருந்துச்சு. அவங்கவங்க குப்பை அவங்கவங்க கண்ணு முன்னால கெடந்துச்சு. இப்ப கருப்புப் பைல கட்டி கதவுக்கு வெளிய வெச்சா அதோட அது நம்முளுது இல்ல.


பேட்டரிவண்டி
செவ்வாய், மதியம் 1.15

பெரியவரே, உங்க மேல கோவமில்ல, ஆனா இந்தப் பேச்சைக் கேட்டுக் கேட்டு எனக்கு அலுத்துப்போச்சு.

அவங்கவங்க குப்பை அவங்கவங்க கண்ணு முன்னாலன்னீங்க. சாணி சாம்பல் சரி. செத்த மாட்டை யாருங்க தூக்குனது? டவுன்ல எடுப்புக் கக்கூஸ் இருந்த காலத்துல பின்சந்து வழியா வாளியோட வந்தது யாரு? அது எதும் உங்க குப்பைக்குழி கணக்குல வராது, ஏன்னா அதைப் பாக்க வேண்டாத எடத்துல நீங்க இருந்தீங்க. நாங்க அருந்ததியர். எங்க வளவு ஊருக்கு எந்தத் திசைல இருந்துச்சுன்னு உங்களுக்கே தெரியும். மனுசன் கையால மலம் அள்ள வெக்கறதை ஒழிக்க சட்டம் 1993ல ஒண்ணு வந்து அது பத்தாம 2013ல இன்னொண்ணு வந்துச்சு, இன்னும் சாக்கடைக்குழிக்குள்ள எறங்கி சாகறாங்க. அப்ப இருந்ததும் கருப்புப் பைதாங்க. பைக்கு பதிலா ஆளு.

எங்கம்மா பத்தொம்பது வருசமா தூய்மைப் பணி, காண்ட்ராக்ட்லதான், இன்னும் பர்மனென்ட் ஆகல. துப்புரவுங்கற பேரை மாத்தி தூய்மைப் பணியாளர்னு வெச்சாங்க, நல்லதுதான், கவர்மெண்ட் காயிதத்துல அப்படித்தான் இருக்குது. தெருவுக்குள்ள வண்டி போனா "குப்பைக்காரி வந்துட்டா"தான். குப்பை உங்களுது, பேரு எங்களுக்கு.

ஒண்ணு சொல்றேன். எங்கம்மாவுக்கு அந்தத் தெருவுல எந்த வீட்ல சக்கரை வந்திருக்கு, யாரு ஒளிச்சு குடிக்கறாங்க, எந்த வீட்ல புதுசா கொழந்த பொறந்திருக்கு, எந்த வீட்ல சோத்தை அப்படியே கொட்டறாங்க எல்லாம் தெரியும். பைய எடுத்தா வெயிட்டுலயே சொல்லிப்போடும். அந்த நாப்பது வீட்ல எங்கம்மா பேரு தெரிஞ்சவங்க ரெண்டு வீடு. தண்ணி கேட்டா சொம்புல தர மாட்டாங்க, பிளாஸ்டிக் பாட்டில்ல ஊத்தி "நீயே வெச்சுக்கம்மா"ம்பாங்க. அந்த பாட்டிலும் நாளைக்கு எங்கம்மாதான் எடுக்கோணும்.

சோளத்தட்டு அக்கா, நீங்க கேட்டதுக்கு பதில். தோட்டத்துக்காரர் மரியாதையா கூப்பிட்டது உங்களுக்கு உறுத்துதுங்கறீங்க. தெனமும் அதே குப்பைய எடுக்கறவங்க ஒருத்தரும் உங்களுக்கு போன் பண்ணல, அதனால அது உறுத்தல.


சோளத்தட்டு
செவ்வாய், மதியம் 1.48

படிச்சேன் தம்பி. உடனே பதில் எழுத வரல. எங்க பிளாக்ல காலைல வர்ற அம்மா பேரு எனக்கும் தெரியாது.


பழையசைக்கிள்
செவ்வாய், மாலை 4.30

பேட்டரிவண்டி தம்பி, நீ சொன்னது நெசம். எங்கூட்டு எருமை செத்தப்போ வந்து தூக்கிட்டு போனவரு பேரு எனக்கு ஞாபகம் இருக்குது, ஆனா அவரை நான் பேரு சொல்லி ஒருமைலதான் கூப்பிட்டேன், எனக்கு அப்ப பத்து வயசு, அவருக்கு எங்க அப்பாரு வயசு. அதை இங்க எழுதோணும்னு தோணுச்சு. வேற ஒண்ணும் சொல்றதுக்கு இல்ல.


நொய்யக்கரை
செவ்வாய், மாலை 5.10

திருப்பூர்ல இருந்து. கட்டிங் வேஸ்ட் வாங்கி விக்கற ஏவாரம் நமக்கு. நான் வேற மாதிரி பாக்கறேன், சென்டிமெண்ட் இல்லாம.

குப்பைன்னு ஒரு பொருளே கெடையாதுங்க, வெலை இல்லாத பொருள்தான் இருக்கு. பனியன் கம்பெனில வெட்டுன துண்டுத்துணிய தரையில விட்டு வெச்சா மொதலாளி திட்டுவாரு, ஏன்னா அது காசு. கலர் வாரியா பிரிச்சு பேல் போட்டா ஓஇ (ஓப்பன் எண்ட்) நூல் மில்லுக்கு போகுது, பிச்சு பஞ்சாக்கி மறுபடி நூலாகுது, அதுல லுங்கி போர்வை மிதியடின்னு வந்துட்டே இருக்கு. காலி தண்ணி பாட்டில்ல இருந்துகூட பாலியஸ்டர் பஞ்சு எடுக்கறாங்க. சின்னப்புள்ளைல ஈயம் பித்தளைக்கு பேரீச்சம்பழம்னு ஒருத்தரு வருவாரே, அவரு ஒருத்தரு போதும் ஊர்ல ஒரு ஓட்டைப் பாத்திரம் மண்ணுல கெடக்காது.

அதே திருப்பூர்ல வெலை இல்லாத வீட்டுக் குப்பை எங்க போச்சு? பாறைக்குழிக்கு. கல்லு வெட்டி எடுத்துட்டு உட்ட குழி சுத்தி அத்தனை இருக்குது, அதுல கொண்டுபோய் கொட்டுனாங்க. அடில ஒண்ணும் விரிக்காம கொட்டுனா கெணத்துத் தண்ணி என்ன ஆகும்னு சுத்தியிருக்கற ஊர்க்காரங்க மறியல் பண்ணி இன்னும் ஓஞ்சபாடில்ல. ஒரு ஊர்ல நிறுத்துனா அடுத்த ஊரு குழி.

புத்தி சொன்னா மாறாது, வெலை வெச்சா மாறும். டாஸ்மாக் பாட்டிலையே பாருங்க. குடிச்சுட்டு காட்டுல ஒடைக்கறான், யானை காலுல குத்துதுன்னு ஐகோர்ட்டு வரைக்கும் போயி 2022ல நீலகிரில பாட்டிலுக்கு 10 ரூவா கூட வாங்கி திருப்பிக் குடுத்தா அதைத் தர்றதுன்னு ஆரம்பிச்சாங்க, அப்பறம் கோயமுத்தூருக்கும் வந்துச்சு. குடிகாரன் திருந்தல, ஆனா 10 ரூவாயை காட்டுல விட்டுட்டு வர மனசில்ல. அவன் விட்டாலும் இன்னொருத்தன் பொறுக்கிருவான்.


இட்டேரிமேட்டான்
செவ்வாய், மாலை 5.32

பாட்டில் விசயம் உண்மை. எங்க கொளத்துமேட்டுல ஒடஞ்ச கண்ணாடி கொறஞ்சுதான் இருக்கு. ஆனா நாப்கினுக்கும் டயப்பருக்கும் என்ன வெலை வெப்பீங்க மாமா?


நொய்யக்கரை
செவ்வாய், மாலை 5.41

அதை செய்யறவன் தலைல வெக்கோணும். விக்கறப்பவே எடுக்கற செலவையும் சேத்து வாங்கோணும். இப்ப அந்தச் செலவை யாரு தர்றா, பேட்டரிவண்டி அம்மாவோட கையும் உங்க மாட்டு வயிறும்தான் தருது.


வரிகட்டி_வாழ்வோம்
செவ்வாய், மாலை 6.02

எல்லாம் சரி, கார்ப்பரேசன் வண்டில குடுத்தா ஒழுங்கா வெள்ளலூர் குப்பைக் கெடங்குக்கு போகும். பிரைவேட் ஆளை வெச்சதுதான் தப்பு. முறையான எடத்துக்கு போனா யாருக்கும் தொல்லை இல்ல. மேட்டர் ஓவர்.


வெள்ளலூர்க்காரி
செவ்வாய், இரவு 8.20

இந்த இழைய மத்தியானத்துல இருந்து படிச்சுட்டு இருக்கேன், எழுத வேண்டாம்னுதான் இருந்தேன். மேல ஒருத்தரு முறையான எடம்னு எழுதியிருக்காரு. அந்த முறையான எடத்துல நாங்க குடியிருக்கோம்ங்க.

650 ஏக்கராவாட்ட கெடங்கு. நூறு வார்டுல இருந்தும் தெனமும் ஆயிரம் டன்னுக்கு கிட்ட வர்ற குப்பைல பெரும்பங்கு எங்க பக்கம். 2024 ஏப்ரல்ல தீ புடிச்சுது ஞாபகம் இருக்கா, உங்களுக்கு அது பேப்பர்ல ஒரு போட்டோ. எங்களுக்கு நாள் கணக்குல ஜன்னலைத் தொறக்க முடியல, அந்த வெய்யில்ல. என் பையனுக்கு வீசிங். தொவைச்ச துணிய உள்ள காயப்போட்டு அதுலயும் புகை வாசம். தீ புடிக்காத நாள்ல ஈ. சோறு போட்டு வட்டலை வெச்சுட்டு திரும்பறதுக்குள்ள ஈ. ஒறம்பரை வந்தா காப்பி குடிச்சுட்டு எந்திரிச்சர்றாங்க, முன்ன எல்லாம் ரெண்டு நாள் இருந்துட்டு போவாங்க. எங்க சந்துல ஒரு பொண்ணுக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வந்துட்டு எடம் பாத்துட்டே பேச்சை மாத்திட்டாங்க.

சோளத்தட்டு, அந்தப் பெரியவருக்கு உங்க நம்பரு கெடச்சுது. எனக்கு கோயமுத்தூர்ல யாரைக் கூப்பிடறதுன்னே தெரியல, அத்தனை பேரு.


நடத்துனர்
செவ்வாய், இரவு 8.55

இதுக்குக் கீழ சாதியைக் கிண்டல் பண்ணி வந்த ரெண்டு பதிவை எடுத்தாச்சு. எழுதுனவருக்கு ஒரு மாசம் லீவு. மத்தவங்க தொடருங்க.


பித்துக்காரன்
செவ்வாய், இரவு 9.30

பொள்ளாச்சில இருந்து, தென்னைநார் பித்து, அதாவது நார் எடுக்கறப்போ உதிர்ற தூளு, அந்த ஏவாரம், அதான் பேரு இப்படி, பைத்தியம்னு நெனச்சராதீங்க.

வெள்ளலூர் அக்கா சொன்ன தீ ஏன் வருதுன்னு சொல்றேன். பிளாஸ்டிக்காலன்னு எல்லாரும் நெனக்கறாங்க, பத்த வெக்கறது சோறுங்க. ஈரக் குப்பைய காத்து போகாம ஒண்ணு மேல ஒண்ணா அமுக்குனா உள்ள மீத்தேன் உண்டாகும், சூடும் ஏறும். வெய்யக்காலத்துல மேல ஒரு பொறி பட்டாப் போதும், பிளாஸ்டிக்கும் துணியும் சேந்து எரியும், மேல தண்ணி அடிச்சு அணைச்சாலும் உள்ள கங்கு கெடக்கும். அதே சோத்தையும் காய்த்தோலையும் காத்தோட்டமா வெச்சா மீத்தேன் வராது, உரந்தான் வரும். வீட்டுக் குப்பைல கிட்டத்தட்ட பாதி இந்த ஈரக் குப்பை. அது மட்டும் வெள்ளலூர் போகாம இருந்தா மலை பாதியாயிரும்.

சோளத்தட்டுக்கு ஒரு ரோசனை. ஓட்டை போட்ட பழைய பக்கெட் ரெண்டு. ஒரு கை காய்கறி குப்பை போட்டா ரெண்டு கை காஞ்ச சருகோ பித்தோ மேல போடுங்க, சித்தெ புளிச்ச மோர் தெளிங்க, நாலு நாளைக்கு ஒருக்கா கெளறுங்க. கார்பன் முப்பது பங்குக்கு நைட்ரஜன் ஒரு பங்குன்னு படிச்சவங்க சொல்வாங்க, நமக்கு கைக்கணக்கு போதும். நாத்தம் அடிச்சா ஈரம் ஜாஸ்தி, இன்னும் சருகு போடோணும். ஒண்ணும் நடக்காம சும்மா கெடந்தா காஞ்சுபோச்சு, தண்ணி தெளிங்க. ரெண்டு மாசம் மூணு மாசத்துல மண்ணு வாசம் வரும். இந்தப் பித்தும் ஒரு காலத்துல ரோட்டோரம் மலையா கெடந்து புகைஞ்ச குப்பைதான், இப்ப கட்டியா அமுக்கி கப்பல்ல போகுது. அதைக் கழுவுற தண்ணியால எங்க பக்கம் கெணறு கெட்டுப்போன கதை வேற இருக்கு, அதைச் சொல்லாம ஏவாரத்தை மட்டும் சொன்னா நாயமில்ல.


அட்டாலி
செவ்வாய், இரவு 10.12

எல்லா ஆம்பளைகளும் நல்லா எழுதறீங்க. ஒண்ணு கேக்கறேன். உங்க வீட்ல கூடைய எடுத்துட்டுப் போய் கீழ வெக்கற கை யாருது?

எங்க மாமனாரு மக்கறது மக்காததுன்னு பேரன் பேத்திக்கு பாடம் எடுப்பாரு. மாத்திரை அட்டையை காய்த்தோலு கூடைல போடறதும் அவருதான். ராத்திரி அதை பொறுக்கி மாத்திப் போடறது நான். வீட்டுக்காரருகிட்ட சொன்னா "வேலைக்கார அம்மா வரட்டும்"ங்கறாரு. பேட்டரிவண்டி தம்பி சொன்னது தெருவுல மட்டும் நடக்கறது இல்ல, சமையக்கட்டுலயே ஆரம்பிச்சுருது. யாரோ ஒருத்தர் எடுப்பாங்கங்கற நெனப்பு.


குமாஸ்தா
செவ்வாய், இரவு 10.40

என் வீட்லயும் கை என்னுது இல்ல. பதிவு செய்யப்படுகிறது.


நொய்யக்கரை
புதன், காலை 6.55

மஞ்சப்பை பத்தி யாரும் பேசலியே. 2019 ஜனவரி 1ல இருந்து 14 வகை பிளாஸ்டிக் தடை, 2021 கடைசில மீண்டும் மஞ்சப்பைன்னு இயக்கம் ஆரம்பிச்சாங்க. நம்மூருல கல்யாணத்துக்கு போனா தேங்கா பழம் வெத்தலையோட மஞ்சப்பை குடுப்பாங்க, எங்கூட்டு அட்டாலில எம்பது பை இருக்குது. கறிக்கடைக்குப் போறப்போ ஒண்ணும் கையில இருக்காது. கேரி பேக்குலதான் வாங்கறேன். ஊருக்கு ஏவாரம் பேசற நானே அப்படித்தான்னு ஒத்துக்கறேன்.


பேட்டரிவண்டி
புதன், காலை 7.20

மஞ்சப்பை இருக்கட்டும். எங்கம்மாகிட்ட நேத்து இந்த இழைய படிச்சு காட்டுனேன். சிரிச்சுது. என்ன சொல்லட்டும்னு கேட்டதுக்கு மூணே மூணு சொல்லுச்சு, பெருசா ஒண்ணுமில்ல. ஒடஞ்ச கண்ணாடிய, பிளேடை, ஊசிய பேப்பர்ல சுத்தி அட்டைப்பெட்டில போட்டு மேல எழுதி தனியா குடுங்க. நாப்கினை பேப்பர்ல சுத்தி சிவப்புல ஒரு கோடு போடுங்க. பையை ரெட்டை முடிச்சு போடாதீங்க, அவுக்க கையொறைய கழட்ட வேண்டியிருக்கு, கழட்டுனாத்தான் கீறுது.


வரிகட்டி_வாழ்வோம்
புதன், காலை 7.44

முடிச்சு விசயம் எனக்கு தெரியாது ப்ரோ. நான் ரெட்டை முடிச்சுதான் போடுவேன், சிந்தக்கூடாதுன்னு. மாத்திக்கறேன். மத்ததுல எனக்கு இன்னும் உடன்பாடு இல்ல, வரி வாங்கறவங்கதான் வழி பண்ணோணும்.


வெள்ளலூர்க்காரி
புதன், காலை 8.05

அதையும் ஒத்துக்கறேன். ஆனா ஆயிரம் டன்னும் ஒரே ஊருக்கு வர்றதுதான் வழின்னா, அந்த ஊரு ஏன் எப்பவும் எங்களுதாவே இருக்கோணும்?


சோளத்தட்டு
வியாழன், இரவு 11.35

எல்லாருக்கும் நன்றிங்க. இன்னிக்கு லீவு போட்டுட்டு அன்னூர் போயிட்டு வந்தேன். சாக்கு ரெண்டு, கையொறை, எங்கம்மாவோட பழைய சேலை ஒண்ணு மூக்கைக் கட்ட. வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன், மீட்டிங்ன்னுட்டாரு. அட்டாலி அக்கா, உங்களை நெனச்சுக்கிட்டேன்.

பெரியவரு இட்டேரி மொகனைல நின்னுட்டு இருந்தாரு. நெசமாவே வருவேன்னு நெனக்கலையாட்ட இருக்குது, மொதல்ல அவருக்குத்தான் சங்கடம். "அட நீங்க எதுக்குங் அம்மணி, நான் சும்மா ஆத்தமாட்டாமத்தான் கூப்பிட்டேன்"ன்னாரு. நாயி இழுத்தது, காத்துல வேலில போய் மாட்டுனது, ஏற்கெனவே அவரு ஒதுக்குனதுன்னு போக ஒரு மூணு மணி நேரம் பொறுக்குனேன். அவரும் குனியறாரு, வேண்டாங்கன்னாலும் கேக்கல. எங்க வீட்டுது எதுன்னு எனக்கு ஒரு பத்து பொருள்தான் அடையாளம் தெரிஞ்சுது. நான் பிரிச்சு வெச்ச ரெண்டு கூடையும் ஒண்ணாக் கலந்துதான் கெடந்துச்சு. மத்தது எல்லாம் எதுத்த வீடு, மேல்மாடி, எந்த பிளாக்கோ. டயப்பர் அத்தனை இருந்துச்சு. எங்க வீட்ல கொழந்தை இல்லீங்க.

ஒரு பைல ஒடஞ்ச டம்ளர் இருந்துச்சு, கையொறைய தாண்டி வெரல்ல கீறிருச்சு. ரெட்டை முடிச்சு. பெரியவரு மஞ்சத்தூள் எடுத்துட்டு வந்து அமுக்குனாரு.

போறப்போ எளநி வெட்டிக் குடுத்தாரு. குடிச்சுட்டு மட்டையை எங்க போடறதுன்னு கையில வெச்சுட்டே நின்னேன், அவரு வாங்கி தென்னை மூட்டுல வீசிட்டு "அது கெடக்கட்டும், அது குப்பை இல்ல"ன்னாரு. ரெண்டு சாக்கையும் கார் டிக்கில ஏத்திவிட்டுட்டு "இதை எங்கீங் அம்மணி கொண்டுட்டு போறீங்க"ன்னு கேட்டாரு. வீட்டுக்குங்கன்னேன். வேற என்ன சொல்றது.

வந்து செகரட்டரிகிட்ட சொன்னேன், வெளிய கெடந்ததை உள்ள கொண்டு வரக்கூடாது, மத்த ஓனர்ஸ் அப்ஜெக்ட் பண்ணுவாங்கன்னுட்டாரு. காலைல வர்ற அம்மாகிட்ட இதைக் குடுக்க எனக்கு மனசில்ல, குடுத்தாலும் அதே டெம்போல ஏறும், இல்லைன்னா வெள்ளலூர். ஞாயித்துக்கெழம பொதுக்குழு இருக்கு, சீட்டு எங்கன்னு கேக்கறேன்னு எழுதிக் குடுத்திருக்கேன். அது வரைக்கும் சாக்கு டிக்கிலதான் இருக்குது. இப்பவே பார்க்கிங்ல நாத்தம் வருதுன்னு வாட்சப் குரூப்ல ஒருத்தரு போட்டுட்டாரு.


பித்துக்காரன்
வெள்ளி, காலை 6.10

பித்து ஒரு மூட்டை அனுப்பி விடறேன், மக்கறதை மட்டும் பிரிச்சு அதுல போட்டு மூடி வைங்க, நாத்தம் அடங்கும். டயப்பரை அதுல போட்றாதீங்க, உள்ள இருக்கற ஜெல் தண்ணிய குடிச்சுட்டு ஊதிரும், மக்காது.


பேட்டரிவண்டி
வெள்ளி, காலை 6.25

வெரலுக்கு டிடி ஊசி போட்டீங்களா அக்கா? மஞ்சத்தூள் மட்டும் பத்தாது, இன்னிக்கே போய் போடுங்க.


சோளத்தட்டு
வெள்ளி, காலை 8.40

போட்டுட்டேன் தம்பி. அப்பறம், காலைல வர்ற அம்மா பேரை இன்னிக்கு கேட்டேன். எதுக்கு கேக்கறீங்கன்னு பயந்துட்டாங்க. ஏதோ கம்ப்ளெய்ன்ட் குடுக்கத்தான்னு நெனச்சுட்டாங்களாம்.